கிளம்பிட்டேன்

போனை எடுப்பதற்கு முன்னால் அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள். கழற்றி வைப்பாள் என்று சொல்ல முடியாது. காலை ஒரு உதறு உதறுவாள். அது எங்கே போய் விழுகிறதோ அதுதான் அதற்கு இடம். பிறகு நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க, எந்தப் புள்ளையைக் காணோம்?" என்பாள். முதல் தடவை கூப்பிடுகிறவர்கள் பயந்துபோவார்கள். பழகினவர்கள், "சுவர்க் கடிகாரம்மா, போன வாரமே வந்திருக்கணும்" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடி அது. வழியில் தொலைந்துபோன பார்சல்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற பிரிவு. மற்றவர்களுக்கு அது ஒரு எண். அவளுக்குப் பிள்ளை. "புள்ளை லாரியை விட்டு இறங்கியிருக்கு, கிடங்குக்குள்ள நுழையலை. நடுவுல யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். விளையாட்டில் ஒளிந்துகொண்டவனின் சட்டை நுனியைப் பார்த்துவிட்ட சிறுமியின் கண். பார்சல் கிடைத்துவிட்டால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். பக்கத்து மேசைத் தண்ணீர் பாட்டில் சாயும். அதை யாரோ நிமிர்த்தி வைப்பார்கள். அவள் அதற்குள் அடுத்த பிள்ளையின் பின்னால் போய்விட்டிருப்பாள்.

வீட்டில் வைத்த பெயர் என்று அவளுக்கு ஒன்று உண்டு. சொந்தக்காரர்களே அதை மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அவள் 'இதோ'. பெரியப்பா பேரப்பிள்ளைகளுக்கு இதோ அத்தை. சித்தி மகள் பெற்றதுகளுக்கு இதோ பெரியம்மா. ஓரகத்தி பிள்ளைகளுக்கு இதோ சித்தி. எப்போது போன் செய்து எப்போது வருவாய் என்று கேட்டாலும், "இதோ, கிளம்பிட்டேன்" என்று சொல்வதால் வந்த பெயர்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருப்பவர் அவள் கணவர். பள்ளிக்கூட வாத்தியார், பொறுமைசாலி, சாயங்காலம் வீட்டு வேலை அவர் பொறுப்பு. அவள் 'கிளம்பணும்' என்றால் துணியை ஊறப்போடலாம். 'கிளம்பறேன்' என்றால் துவைத்துக் காயப்போடலாம். 'கிளம்பிட்டேன்' என்றால் காய்ந்ததை எடுத்து மடிக்க ஆரம்பிக்கலாம். 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்றால்தான் அவள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம்; மேசைக்கடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். பொய்க்காரி என்று அவளை யாரும் சொன்னதில்லை. 'கிளம்பிட்டேன்' என்று சொல்கிற நேரத்தில் அவள் மனசு உண்மையாகவே படியிறங்கி, தெருவைக் கடந்து, வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து இன்னொரு போன் அடிக்கும். உடம்பு மேசையில்தானே இருக்கிறது, அது எடுத்துவிடும்.

இது இன்று நேற்று வந்த குணமில்லை. அவள் அப்பா வழியில் எல்லாருமே ஒரு வேலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாதவர்கள். அப்பாவைப் பெற்றவர் தண்ணீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். ஒரு நாள் சட்டைப் பொத்தான் உருண்டு அலமாரிக்கடியில் போனதென்று அலமாரியை நகர்த்தினார், அறையைக் காலி செய்தார், கையோடு கையாகச் சுவருக்கு வெள்ளையும் அடித்து முடித்தார். பொத்தான் அவர் சட்டைப் பைக்குள் இருந்தது. அம்மா வழி நேர்மாறு. அவர்கள் உட்காரத் தெரியாதவர்கள். தாய்மாமன் ஒருவர் ஒரு கன்னத்தை மழித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனவர், மறு கன்னத்தை மறுநாள்தான் மழித்தார். நடுவில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்கும் போய் வந்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. இந்த இரண்டு வழியும் பாதிப்பாதியாகக் கலந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கலக்கவில்லை. அப்பா வழி அப்படியே இவளுக்கு வந்தது. அம்மா வழி அப்படியே இவள் அண்ணனுக்குப் போனது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நிற்க வைத்தால் நடப்பார், நடக்க வைத்தால் ஓடுவார். அவருக்குக் கல்யாணம் பேசப் போனபோதெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேச்சை ஆரம்பிப்பதற்குள் அவர் எழுந்து தெருமுனைக்குப் போயிருப்பார். அப்படியே தலை நரைத்துவிட்டது.

இதோ வேலை பார்க்கிற மாடியில் நேரம் கழித்து உட்கார்ந்திருப்பவள் அவள் மட்டும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு சுபாவம், சுபாவத்துக்கு ஏற்ற காரணம். மேலாளர் உட்கார்ந்திருப்பது மேல்மாடியில் பெரிய அதிகாரியின் அறையில் விளக்கு எரிகிறதே என்று. பெரிய அதிகாரி உட்கார்ந்திருப்பது கீழே மேலாளர் இன்னும் போகவில்லையே, நாம் முன்னால் போனால் மரியாதையாக இருக்காதே என்று. இரண்டு பேரும் இப்படியே வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் காவல் காக்கிறார்கள். ஜன்னலோரத்து அம்மாளுக்கு வீட்டில் மாமியாரும் மாமியாரின் அக்காவும்; அலுவலக நாற்காலி அதற்குத் தேவலாம். கண்ணாடிக்காரர் பயந்த ஆள். ஒரு பதிலை அடிப்பார், அழிப்பார், 'தங்கள்' போடலாமா 'உங்கள்' போடலாமா என்று யோசிப்பார், இருட்டிவிடும். இவர்கள் எல்லாருடைய முகத்திலும் சாயங்காலமானால் ஒரு வாட்டம் வரும். இதோவுக்கு மட்டும் வராது. சாயங்காலம்தான் அவளுக்கு வேலை சூடு பிடிக்கும். அந்த வயசிலும் நாற்காலியில் குதிப்பாள்.

அவளுக்கு அடுத்த மேசை 'பூட்டு'. அவளும் நாற்பதைத் தாண்டியவள்தான். ஆனால் எல்லாவற்றிலும் வேறு மாதிரி. வந்தால் குனிந்த தலை நிமிரமாட்டாள், டீக்குக்கூட எழுந்திருக்கமாட்டாள். அலுவலகம் முடிகிற நேரத்தில் மேசை இழுப்பறையைத் தள்ளி, 'டக்' என்று பூட்டி, எழுந்துவிடுவாள். அந்த 'டக்'கைக் கேட்டுத்தான் கண்ணாடிக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். அவளுடைய அம்மா பல வருஷம் படுக்கையில் இருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் சொன்ன நேரத்துக்கு மேல் இருக்கமாட்டாள். அதனால் வந்த பழக்கம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த 'டக்' மாறவில்லை. வேறு சொந்தம் என்று யாரும் இல்லை. நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்குப் படியிறங்கி, போவதற்கு அவசரமான இடம் ஒன்றும் இல்லாமல் வாசலில் நிற்பாள்.

அந்த வாசலில்தான் அண்ணன் நிற்பார். அவர் கற்றுக்கொடுக்கும் இடம் அடுத்த தெருவில். கடைசி வகுப்பை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் தங்கையையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். கீழேயிருந்து போன் அடிப்பார். "இதோ, கிளம்பிட்டேன்" என்பாள். அவர் வாசலுக்கும் தெருவுக்கும் நடப்பார். காரைச் சுற்றி வருவார். சக்கரத்தை உதைப்பார். ஒரு நாள் பூட்டு, "எதுக்குங்க அதை உதைக்கறீங்க, அது என்ன பண்ணுச்சு" என்று கேட்டுவிட்டாள். "உங்க ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவளை உதைக்க முடியலையே" என்றார். அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் சேர்ந்து நடந்தார்கள். பிறகு ஒரு நாள் அவர் நின்றுகொண்டே பேசினார். அவர் வம்சத்தில் அது பெரிய விஷயம். இதோ மேலே எவன் வீட்டு இஸ்திரிப் பெட்டியையோ தேடத் தேட, கீழே அவருக்குப் பேச நேரம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவள் ஒழுங்காக நேரத்துக்கு இறங்கியிருந்தால் அந்த இரண்டு பேரும் முகம் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஊரார் பார்சலையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. பூட்டுதான் ஒரு நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இதோவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குதித்த குதியில் நாற்காலி பின்னால் உருண்டு மேலாளர் அறைக் கதவில் போய் மோதியது. பூட்டைக் கட்டிப்பிடித்து, அண்ணி என்றாள், அடி கள்ளி என்றாள், மறுபடி அண்ணி என்றாள். பூட்டு அவளை உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணம். உங்கண்ணன் பக்கம் ஒரு பட்டாளமே வரும். என் பக்கம் யாரும் இல்லை. சாட்சிக் கையெழுத்து எனக்காக நீ போடணும். நீ வரலைன்னா நான் போடமாட்டேன்."

"இதென்னடி பேச்சு, நான் வராம இருப்பேனா."

"உன்னைத் தெரிஞ்சுதான் சொல்றேன்."

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அதே கவலை. பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்த தேதி அது ஒன்றுதான். தவறினால் மறுபடி மனுக் கொடுத்து மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் அண்ணன் ஓரிடத்தில் நிற்பாரா? பூட்டுதான், தனக்கென்று வர ஒரு ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு மறுபடி படியேறுவாளா? வாத்தியார் முன்யோசனையாக மனைவியிடம் நேரத்தைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லி வைத்தார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நாளும் வந்தது. விடுப்புப் போட்டிருந்தாள், புதுப் புடவையும் கட்டிவிட்டாள். வாசல்வரை வந்து, "ஆபீஸ்லேர்ந்து ஒரே ஒரு போன், பல்லுத் தாத்தாவுக்கு. பேசிட்டு நேரா அங்கே வந்துடறேன்" என்றாள். அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். வாத்தியார் மட்டும், மத்தியானம்தானே கல்யாணம், நேரம் இருக்கிறது என்றார். அதை அவர் இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிறார்.

பல்லுத் தாத்தாவின் கதை இது. அவருடைய பல்செட்டில் விரிசல் விட்டது. ஒரு நீலப் பெட்டியில் போட்டு, பல் செய்கிறவரிடம் அனுப்ப அவரே கொண்டுபோய்ப் பார்சல் கவுண்ட்டரில் கொடுத்தார். பெட்டி போய்ச் சேரவில்லை. ரசீது சட்டையோடு துவைக்கப் போய்க் கூழாகிவிட்டது. அவர் போனில் பேசுவது மாடியில் யாருக்கும் புரியவில்லை. காற்றும் எச்சிலும்தான் வரும். இதோவுக்கு மட்டும் இரண்டு நாளில் புரிய ஆரம்பித்தது. வீட்டில் வாயே திறப்பதில்லையாம், வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டுகிறாராம். "என் பெண்டாட்டிக்கு இப்பதாம்மா நிம்மதி. பல்லு கிடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கா" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தார். அவர் மனம் விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவள் கணினியில் அவர் பெயரைப் போட்டுத் தேடினாள், தெருவைப் போட்டுத் தேடினாள், 'பல்' போட்டுத் தேடினாள். அந்த நாளில் அப்படி ஒரு பார்சலே பதிவாகவில்லை.

அன்று புதுப் புடவையோடு ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, அதற்குள் அடித்த மற்றப் போன்களையும் பேசி முடித்து, அவருக்குப் போன் போட்டாள். இன்றும் இல்லை, நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பத்தான் நினைத்தாள். அதற்குள் கைபேசியில் வாத்தியார் கூப்பிட்டார். "இதோ, கிளம்பிட்டேன்" என்றாள். தாத்தாவிடம் திரும்பினாள். அவர் ஏதோ சொன்னார். அவளுக்கே அந்த ஒரு வார்த்தை புரியவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். பல்லு என்றுதான் சொன்னாராம்.

அவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவர் சொல்ல நினைத்ததைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். கவுண்ட்டரில் இருந்தவன் காதில் விழுந்தது என்ன? அன்றைக்கும் அவர் வாயில் பல் இல்லையே. பல் பெட்டிக்குள் அல்லவா இருந்தது.

"பெரியவரே, கவுண்ட்டர்ல உள்ளே என்னன்னு கேட்டாங்கள்ல? அங்கே சொன்ன மாதிரியே இப்போ சொல்லுங்க."

அவர் சொன்னார். "பவ்வு" என்பது போல் ஏதோ வந்தது. அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு தன் உதட்டைப் பல்லின் மேல் மடித்துக்கொண்டு தானே சொல்லிப் பார்த்தாள். ஜன்னலோரத்து அம்மாளையும் சொல்லச் சொன்னாள். கண்ணாடிக்காரர் எழுந்து வந்து, பயந்துகொண்டே, உதட்டை மடித்துச் சொன்னார். சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவரும் வாயைக் குழித்து ஒரு தடவை சொன்னார். அந்த முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று நடந்ததைப் பிரிவே பார்த்தது. ஆளாளுக்கு பவ்வு, பஃபு, பப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்து அம்மாள், "பல்பு மாதிரி இல்லை?" என்றாள்.

மேசையில் விழுந்த தட்டில் இரண்டு பாட்டில் சாய்ந்தது. கணினியில் அந்தத் தேதிக்குப் 'பல்பு' என்று போட்டாள். வந்தது. பெயர் தப்பு, தெரு தப்பு, எல்லாமே அவர் வாய் சொன்னபடி. முகவரி கண்டுபிடிக்க முடியாததால் மின்சாமான் கிடங்கில் வைக்கப்பட்டுள்ளது என்று போட்டிருந்தது. கிடங்குக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த ஆள் சோம்பல் முறித்துக்கொண்டு, பல்பு மலைமாதிரி குவிந்து கிடக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமே என்றார். அவள் கெஞ்சினாள், மிரட்டினாள், அது பல்பு இல்லை ஒரு மனுஷனின் வாய் என்றாள். அவர் அரைமனசாக, லைனிலேயே இருங்கள் என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டு தூரம் போகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் கிடையாது.

வாத்தியாரின் அடுத்த போன் வந்தது. மறுபடி "கிளம்பிட்டேன்". அவர் அதை அண்ணனிடம் சொன்னார். கணக்குப்படி துணி இன்னும் மடித்தாகவில்லை என்றும் சொன்னார். அண்ணன் பூட்டைக் காரில் ஏற்றினார். மேலே 'பழகுநர்' பலகை வைத்த கார். வாத்தியாரைப் பதிவாளர் அலுவலகத்திலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வந்தார்கள். தான் எப்போதும் நிற்கிற வாசலில் அண்ணன் நின்று ஹாரனை அடித்தார். மாடிக்குக் கேட்டது. இதோவுக்குக் கேட்கவில்லை. அவள் காதெல்லாம் கிடங்கில் இருந்தது.

பூட்டு படியேறி வந்தாள். கல்யாணப் புடவை, கையில் ஒரு கொத்துப் பூ. பிரிவு முழுக்க எழுந்து நின்றது. திட்டப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் நேராகத் தன் மேசைக்குப் போய், பூவை அதன் மேல் வைத்து, தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எழுந்திருன்னு சொல்ல வரலை. உன் வேலை முடியட்டும். நான் இருக்கேன்."

இதோ போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "இதோ, பெட்டியை எடுக்கப் போயிருக்கார். உனக்குத்தானேடி கல்யாணம், நீ போய் உட்காரு, நான் பின்னாலேயே..." என்றாள்.

"எனக்குத்தான். தெரிஞ்சுதானே நீ இங்கே உட்கார்ந்திருக்கே."

குரலில் கோபம் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷம் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் கூடுதலாக உட்காராதவள். கைக்கு வேலையில்லாமல் அதில் அவள் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. இன்றைக்குக் கல்யாணம் தவறினால், என்ன ஆச்சு என்று அவளை வீட்டில் கேட்க ஆளில்லை. யாரும் அவளுக்காகப் படியிறங்கவில்லை என்றால் அவள் அதையும் பூட்டி வைத்துக்கொண்டு நாளைக்கு நேரத்துக்கு வேலைக்கு வருவாள். கீழே ஹாரன் மறுபடி அடித்தது. இப்போது இதோவுக்குக் கேட்டது.

காதில் கிடங்குக்காரர் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம். இதோ வந்துவிடுவார். பெட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிட்டால் போதும். அவள் அப்பாவும் அப்பாவைப் பெற்றவரும் அவள் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தியிருப்பார்கள். ஆனாலும் அவள் எழுந்தாள்.

மேலாளரின் கையை இழுத்து அதில் போனை வைத்தாள். "விட்டுடாதீங்க சார். அவர் வருவார். நீலப் பெட்டி. கிடைக்கலைன்னா மேல் அடுக்குல பார்க்கச் சொல்லுங்க." மேலாளர் வாழ்நாளில் ஒரு பார்சலைத் தேடியதில்லை, கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். செருப்பில் ஒன்று கிடைத்தது, மற்றொன்று கிடைக்கவில்லை. கழிப்பறை வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. மேலாளரின் குரல் அவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது. "கிடைச்சுடுச்சு! பெட்டியைத் திறந்தா சிரிக்குதாம்! கிடங்குக்காரர் பயந்து கீழே போட்டுட்டாராம்!" இதோ படியிலேயே குதித்தாள். பூட்டு விழாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடைந்ததா என்று மட்டும் மேலே பார்த்துக் கேட்டாள். உடையவில்லையாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மிச்சப் படியை இறங்கினார்கள்.

காரில் இதோ வாய் மூடவில்லை. பல்லு பல்பான கதையை நடித்துக் காட்டினாள். பின்னால் உட்கார்ந்தவள் முன் இருக்கையில் பாதி ஏறிவிட்டாள். அண்ணன் எதிரே பார்த்தபடி, "எவன் பல்லுக்கோ காலையிலேர்ந்து நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன்" என்றார். பழகுநர் பலகையைப் பார்த்து மற்ற வண்டிகள் எல்லாம் பயந்து வழிவிட்டது நல்லதாகப் போயிற்று.

பதிவாளர் அலுவலகத்தில் அதற்குள் ஒரு கூத்து நடந்திருந்தது. மத்தியானப் பதிவு முடிகிற நேரம் நெருங்கிவிட்டதென்று எழுத்தர் வெளியே வந்து, மாப்பிள்ளை யார் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா மகன்களும் சித்தப்பா மகன்களும் ஒரே நேரத்தில் வாத்தியாரைக் கைகாட்டியிருக்கிறார்கள். தங்கை கணவர் அல்லவா, அவர்களுக்கு அவர்தான் எப்போதும் மாப்பிள்ளை. எழுத்தர் அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பதிவாளர் முன்னால் உட்கார வைத்து, பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் பொறுமையாக, "பெண் என் மச்சானோட வந்துக்கிட்டிருக்காங்க" என்றிருக்கிறார். பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு, "நான் மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளைங்க" என்று வாத்தியார் ஆரம்பித்து, பெண் கொடுத்த வீடு, எடுக்கிற வீடு என்று கரும்பலகையில் விளக்குவது போல் முதலிலிருந்து விளக்க, அதில் நல்லவேளையாகக் கொஞ்ச நேரம் ஓடியது. இவர்கள் மூச்சு வாங்க நுழைந்தபோது பதிவாளர், "இதுல யாரு யாருக்கு யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அறையில் இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அண்ணனின் பட்டாளம். பெரியப்பா மகன்கள், அவர்கள் பெண்டாட்டிகள், தாய்மாமன் பேரன், ஓரகத்தி, மடியில் இடம் பிடித்த குழந்தைகள். நாற்காலி போதாமல் சுவரோரமும் நின்றார்கள். மறுபக்கம் ஒரே ஒரு நாற்காலி. பூட்டு அதில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் வெறும் தரை.

எழுத்தர் இதோவை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை அவள் காலில் இருந்த ரப்பர் செருப்பில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தங்கைதானே என்று கேட்டு, அவள் தலையாட்டியதும், "அந்தப் பக்கம் போய் உட்காருங்கம்மா, நேரமாச்சு" என்று கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார். வாத்தியார் தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தார். அண்ணனும் வா வா என்று தலையசைத்தார்.

இதோ கூட்டத்துக்குள் புகுந்து போனாள். கைக்குட்டையை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து, குழந்தைகளின் தலைக்கு மேலே அதைத் தூக்கினாள். உறவெல்லாம் முழங்காலை ஒதுக்கி வழிவிட, அறையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், இரண்டு நாற்காலியின் கையும் ஒட்டுகிற மாதிரி பூட்டின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.